நடுவில் ஆள் இல்லாமல்

அத்தியாயம் ஒன்பது

"இன்னும் ஒரு வருஷத்துல அண்ணியோட மொழியை இந்த வீட்டுல எல்லாரும் பேசியாகணும்" என்று போன வாரம் சாப்பாட்டு மேசையைத் தட்டிச் சொன்னாளே கணக்குப்பிள்ளை, அவள் சொன்னதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை காலை சலவைக்கடையம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தபோது பிரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைப் பலகை ஒட்டியிருந்தது. மேலே பெரிய எழுத்தில் 'இலக்கு'. கீழே நாலு கோடு.

கணக்குப்பிள்ளை என்பது சலவைக்கடையம்மாவின் இளைய மகளுக்கு வீட்டார் வைத்த பெயர். தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காபியில் சர்க்கரை போட்டாலும் போட்டதற்கு ஆதாரம் கேட்கிற ரகம்.

"நல்லா பேசணும், சீக்கிரம் கத்துக்கணும்னு எழுதினா செல்லாது. வருஷக் கடைசியில வந்து பார்த்தா செஞ்சாச்சா இல்லையான்னு தெரியணும். அப்படி ஆளுக்கொண்ணு சொல்லுங்க" என்றாள், பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றியபடி.

"பேனாவைக் கடிக்காதே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அது மருமகள். பல் டாக்டர். வேறு என்ன சொல்வாள்?

மருமகள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கப்பலில் இன்ஜினியராக இருக்கும் மகன், போன இடத்தில் பார்த்து, பழகி, கட்டிக்கொண்டு வந்தவள். தமிழை அவனிடம் பாதியும் மாமியாரிடம் மீதியும் கற்றுக்கொண்டு இன்று தமிழிலேயே தும்முகிறாள். இப்போது ஏழாவது மாதம். பிரசவத்துக்கு அவள் அம்மா அடுத்த மாதம் இங்கே வந்து இறங்குகிறாள். அந்தச் சம்பந்தியம்மாவுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. இவர்களுக்கு அவள் மொழியில் அரை வார்த்தை தெரியாது.

"அப்பா, நீங்க முதல்ல."

டவுன் பஸ் ஓட்டும் அப்பா வாயைத் திறப்பதே அபூர்வம். நாள் முழுக்க ஹாரன் பேசுகிறது, நான் எதற்குப் பேச வேண்டும் என்பார்.

"உள்ள நகருங்க, இடம் இருக்கு" என்றார்.

"நான் எங்கப்பா நகர்றது?"

"அதான் என் இலக்கு. அதை அவங்க பாஷையில சொல்லணும். நம்ம ரூட்ல அவங்க ஊர்க்காரங்க நிறைய ஏறுறாங்க. படியிலயே நின்னுக்கறாங்க."

"ஒரு வருஷத்துக்கு ஒரே வாக்கியமா?"

"ஒண்ணுன்னாலும் உருப்படியா இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

கணக்குப்பிள்ளை தன்னுடையதை எழுதினாள்: அண்ணி தூக்கத்தில் உளறுவது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். மருமகள் சிரித்துக்கொண்டே வந்து பேனாவை வாங்கினாள்.

"எனக்கு எதுக்குடி இலக்குன்னு கேட்காதே. எனக்கும் உண்டு. ஒரு வருஷம் கழிச்சு எங்கம்மாவும் இவங்களும் பேசறப்ப நான் நடுவுல உட்காரக் கூடாது. ஓரமா உட்கார்ந்து, சூடா, என் தட்டுல இருக்கறதை நான் சாப்பிடணும்."

சொல்லிவிட்டு அவள் மாமியாரைப் பார்த்தாள். எல்லோருமே பார்த்தார்கள்.

சலவைக்கடையம்மா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"சம்பந்தியம்மாகூட நேரடியாச் சண்டை போடணும். நடுவுல ஆள் இல்லாம."

கணக்குப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா! ஐந்தில் வளையாததும்மா! உனக்கு ஐம்பத்தாறு!"

"நான் துணிக்காரிடி. எந்த வயசுத் துணியும் ஆவி காட்டினா வளையும். நீ எழுது."

எழுதினாள். மருமகளும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு கண் வரைக்கும் ஏறவில்லை என்பதைச் சலவைக்கடையம்மா கவனித்தாள்.

விளையாட்டுக்குச் சொன்னதாக மற்றவர்கள் நினைத்தார்கள். நமக்குத் தெரியும், அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஒரே ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. மெலிங்கா.

கல்யாணத்தன்று, எல்லோரும் புகைப்படத்துக்குப் போயிருந்த நேரம். மண்டபத்து வாசலில் சம்பந்தியம்மா இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "மெலிங்கா, மெலிங்கா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள். என்னவோ பாசமாகச் சொல்கிறாள் என்றுதான் இவளும் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும், ஆசையாக, போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். 'திருடி' என்று பதில் வந்தது.

யாரைப் பார்த்து யார் சொல்வது! சலவைக்கு வந்த சட்டைப் பையில் கிடந்த மோதிரத்தை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறப் போனவர் பின்னாலேயே ஓடிப் போய்க் கொடுத்தவள் இவள். கடையில் துணி வாங்கும்போதே பைகளைத் துழாவி, கிடைத்ததைச் சின்னக் கவரில் போட்டு அந்தத் துணியிலேயே ஊக்கால் குத்தி வைப்பாள். பாதிப் பென்சிலைக்கூடத் திருப்பிக் கொடுப்பாள். அவளைப் போய்த் திருடி என்றால்?

கொஞ்ச நாளில் அவளுக்கே அர்த்தமும் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தாள். பொருளைச் சொல்லவில்லை, பெண்ணைச் சொல்கிறாள். என் மகளை எடுத்துக்கொண்டு போகிறாயே, திருடி! பெற்ற வயிறு அப்படிச் சொல்லும்தான். ஆனால் சொல்லிவிட்டாளே, அதை எங்கே கொண்டு போய் வைப்பது? அம்மாவைப் பற்றி மகளிடம் கேட்பது அழகில்லை என்று வாயை மூடிக்கொண்டாள். அன்று முதல் சம்பந்தியம்மா போனில் வந்தால் இவளிடமிருந்து "ம்", "சரி", "ஆகட்டும்" அவ்வளவுதான். அந்த "ம்"மை மருமகள் நாலு வரியாக்கி அங்கே சொல்வதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த மாதம் அந்த அம்மாள் இதே வீட்டில், இதே மேசையில் வந்து உட்காரப் போகிறாள். அதற்கு முன்னால் ஒரு முடிவு தெரிய வேண்டும். ஒரு வருஷமா? கணக்குப்பிள்ளைக்கு வேண்டுமானால் ஒரு வருஷம். இன்று சாயங்காலம் சம்பந்தியம்மா வீடியோவில் வரும்போதே ஒரு வாக்கியம் சொல்லிவிடுவது என்று சலவைக்கடையம்மா முடிவு செய்தாள்.

*

மருமகளின் பல் மருத்துவமனை கடைக்கு எதிர்சாரியில். மத்தியான இடைவேளையில் அவள் சாலையைக் கடந்து கடைக்கு வந்துவிடுவாள். மாடியில் துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடும் சத்தத்தில் தூக்கம் நன்றாக வருகிறதாம். இன்று அவளைத் தூங்க விடவில்லை மாமியார்.

"உட்காரு. பாடம் எடு."

"இப்பவேவா அத்தை?"

"சூட்டோட சூடா தேய்ச்சாத்தான் மடிப்பு நிக்கும்."

மருமகள் மேசை மேல் கிடந்த ஒரு வெள்ளைக் கோட்டை மடித்துத் தலையணையாக முதுகுக்கு வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். வீடு, 'லூரி'. நான், 'நெ'. இருக்கிறது, 'ஆயே'. ஒவ்வொன்றையும் மாமியார் பத்து முறை சொன்னாள், ஒவ்வொரு சட்டைக் கையையும் இஸ்திரிப் பெட்டியால் இழுக்கும்போது ஒரு முறை.

"இல்லைங்கறதுக்கு?" என்று கேட்டாள், ஏதோ பேச்சோடு பேச்சாக.

"போஷ்."

"வீடு இல்லைன்னா?"

"லூரி போஷ்."

"நான் டாக்டர் இல்லைன்னா?"

"அதுக்கும் போஷ்தான். தமிழ் மாதிரியேதான் அத்தை. எல்லா இல்லைக்கும் ஒரே இல்லை."

போதும். சலவைக்கடையம்மாவுக்கு வேண்டிய சாமான் கிடைத்துவிட்டது. நெ மெலிங்கா போஷ். நான் திருடி இல்லை. அவள் ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு, பெட்டியை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். புஸ் என்று ஆவி கிளம்பியது.

"எங்க, வாயைத் திறங்க" என்றாள் மருமகள் திடீரென்று.

"எதுக்கு?"

"'லூ' சரியா வரல. நாக்கு எங்க இருக்குன்னு பார்க்கணும்."

துணி வாங்க வந்த வாடிக்கையாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். கடைக்காரி வாயைப் பிளந்துகொண்டு நிற்க, ஒரு கர்ப்பிணி அதற்குள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் யார்தான் உள்ளே வருவார்கள்?

"சொத்தை இல்லைங்க. இலக்கணம்" என்றாள் மருமகள் அவரிடம்.

சலவைக்கடையம்மா சிரித்தாள். சிரித்த வாயோடு, அந்தப் பெண்ணின் தோளில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்தாள். இந்தப் பெண் மேல் அவளுக்குக் கோபம் ஒரு நாளும் வந்ததில்லை. திருட்டுச் சொத்து என்றாலும் தங்கமான சொத்து என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வாள்.

*

சாயங்காலம் மேசையில், தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்த டேப்லெட்டில் சம்பந்தியம்மா வந்தாள். வந்தாள் என்றால் மூக்கும் ஒரு கண்ணும் வந்தன. இப்போதெல்லாம் இப்படித்தான், போனை முகத்தில் ஒட்ட வைத்துக்கொண்டு பேசுவாள். இந்த ஆறு மாதமாக அவள் முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

கணக்குப்பிள்ளை இலக்குப் பலகையை விளக்க, மருமகள் அதை மொழிபெயர்த்தாள். மூக்கு சந்தோஷமாக ஆடியது.

"அப்பா, முதல் போணி உங்களுது" என்றாள் கணக்குப்பிள்ளை.

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். காலையில் மருமகளிடம் ரகசியமாகக் கேட்டு, நாள் முழுக்க ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே சொல்லிப் பழகியிருக்கிறார்.

"நீரா வெலு! சாமு ஆயே!" என்று பஸ் முழுவதுக்கும் கேட்கிற குரலில் ஒரு போடு போட்டார். உள்ள நகருங்க, இடம் இருக்கு.

சம்பந்தியம்மா அதைத் தன் மூக்குக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். "ஓ!" என்று சிரித்து, பின்னால் நகர்ந்து நின்றாள். முதல் தடவையாக முழு ஆளும் தெரிந்தாள். பின்னால் ஒரு சுவர். படம் மாட்டும் ஆணிகள் வரிசையாக இருந்தன. ஒரு படம்கூட இல்லை.

மருமகள் அவசரமாக, "அத்தை, நீங்க சொல்லுங்க" என்றாள்.

சலவைக்கடையம்மா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தாள். பயம் துளியும் இல்லை. இரண்டு வருஷத்து வார்த்தை, வாய்க்குள் நன்றாக ஊறியிருந்தது.

"நெ மெலிங்கா போஷ்" என்றாள், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி.

சம்பந்தியம்மாவின் கை நெஞ்சுக்குப் போயிற்று. பிறகு மகளைப் பார்த்துப் படபடவென்று ஏதோ கேட்டாள். மருமகள் அதை மொழிபெயர்க்கவில்லை. மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, உங்களை யாரு திருடின்னு சொன்னது?"

"உங்கம்மாவைக் கேளு! கல்யாணத்தன்னைக்கு வாசல்ல, என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, மெலிங்கா மெலிங்கான்னு சொன்னாங்களா இல்லையான்னு கேளு!"

கேட்டாள். சம்பந்தியம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, அந்த வார்த்தையைத் திரும்பச் சொன்னாள்.

"பார்த்தியா! அதேதானே!" என்றாள் சலவைக்கடையம்மா.

"அதே இல்லை அத்தை. நல்லா கேளுங்க."

மறுபடி சொன்னாள். இப்போது கணக்குப்பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது. "அம்மா, 'கா' வேறம்மா!"

இதை இங்கே அச்சில் காட்ட வழியில்லை. எப்படி எழுதினாலும் மெலிங்கா மெலிங்காதான். தங்கம் என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள், கப்பல் என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். தங்கத்தில் வருகிற க ஒன்று, கப்பலில் வருகிற க இன்னொன்று. 'ங்' பக்கத்தில் வந்துவிட்டால் நம் நாக்கு அந்த க-வைக் குழைத்தே தீரும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், கேட்காமலே செய்துவிடும். அவர்கள் மொழியில் 'ங்'குக்குப் பின்னாலும் கப்பல் க அப்படியே விறைப்பாக நிற்குமாம்.

"தங்கத்து 'கா' போட்டா திருடி" என்றாள் மருமகள். "கப்பல் 'கா' போட்டா..." அவள் தமிழில் வார்த்தை தேடினாள். "ரொம்பப் பெரிய பொருளை ஒருத்தரை நம்பி விட்டுட்டுப் போவோம் இல்லையா, அவங்களைச் சொல்றது. காவல்காரி. உங்க கடையில துணி கொடுத்துட்டுக் கவலைப்படாமப் போறாங்களே, அந்த மாதிரி. என் பொண்ணை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன், நீங்கதான் காவல்னு சொல்லியிருக்காங்க அத்தை."

சலவைக்கடையம்மாவுக்கு முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு எழுத்து. ஒரே ஒரு எழுத்து. அதைத் தன் நாக்கே குழைத்து, தன் வாயாலேயே அந்தச் செயலியிடம் சொல்லி, தானே தன்னைத் திருடி என்று திட்டிக்கொண்டு, பழியை அந்த அம்மாள் தலையில் போட்டு இரண்டு வருஷம் "ம்" கொட்டியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, வீணாகப்போன அத்தனை சாயங்காலங்களை நினைத்து அழுகை வந்தது. அழுதாள். அவளுக்கு ஒளித்து அழத் தெரியாது.

அங்கே சம்பந்தியம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். மருமகள் அதைச் சொல்லும்போது அவள் குரலும் சரியாக இல்லை.

"திருடின்னு சொன்னதா நினைச்சுக்கிட்டேதான், ரெண்டு வருஷமா என் பொண்ணை இப்படிப் பார்த்துக்கிட்டீங்களான்னு கேட்கறாங்க."

"உங்க பொண்ணு என்ன பண்ணுவா? அவளா சொன்னா?" என்றாள் சலவைக்கடையம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எங்க, அந்தக் கப்பல் க எப்படி? மெலிங்... கப்பல்... மெலிங்கப்பல்..."

"கப்பலை விட்டுட்டு 'கா'வை மட்டும் எடுங்க!" என்று மருமகள் சிரிக்க, அங்கேயும் சிரிக்க, டிரைவர்கூடச் சத்தமாகச் சிரித்தார். வாயில் விரல் விடாத குறையாக மருமகள் சொல்லிக்கொடுத்து, ஆறாவதோ ஏழாவதோ தடவையில் 'கா' விறைப்பாக வந்து விழுந்தது. சம்பந்தியம்மா கை தட்டினாள்.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு சிரிப்புக் கதை. சிரித்து ஓய்ந்த சம்பந்தியம்மா, இறுக்கம் தளர்ந்தவளாக, மகளைப் பார்த்துத் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தாள். நீளமாகப் பேசினாள். நடுவில் ஒரு முறை திரும்பி அந்தச் சுவரைக் காட்டினாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் கணக்குப்பிள்ளை.

"வீட்டுல எல்லாரும் நல்லாச் சாப்பிடுங்க, உடம்பைப் பார்த்துக்கோங்கன்னு சொல்றாங்க" என்றாள் மருமகள். தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கணக்குப்பிள்ளை தலையை ஆட்டினாள். டிரைவர் தலையை ஆட்டினார். சலவைக்கடையம்மா ஆட்டவில்லை. அந்த நீளப் பேச்சில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, இரண்டே இரண்டு வார்த்தைகளைத் தவிர. மத்தியானம் ஒவ்வொரு சட்டைக் கைக்கும் ஒரு தடவையாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்த வார்த்தைகள். லூரி. போஷ்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் இந்தப் பெண்.

"லூரி போஷ்னு சொன்னாங்களே" என்றாள் சன்னமாக. "அது சாப்பாட்டுல எங்க வந்துச்சும்மா?"

மருமகளின் கையில் இருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா அத்தை. வாடகை ரூம்ல இருக்காங்க. அதையும் இப்பக் காலி பண்ணணும்." அவள் கண், சுவரில் மாட்டியிருந்த கணவனின் படத்துக்கு ஒரு முறை போய்த் திரும்பியது. "வீடு எப்படிப் போச்சுன்னு மட்டும் இன்னிக்குக் கேட்காதீங்க. ப்ளீஸ்."

மகனின் படத்தை அவள் ஏன் பார்த்தாள்? சலவைக்கடையம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டும், கேட்கத்தான் போகிறாள். ஆனால் கேள்வி எங்கும் ஓடிப்போகாது. திரையில் நிற்கிற மனுஷிதான் போக இடமில்லாமல் நிற்கிறாள்.

சலவைக்கடையம்மா தன் கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, அந்த பஸ் வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதுக்கு? அதான் நகர்ந்துட்டாங்களே?"

"சொல்லுங்கன்னா."

டிரைவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷத்துக் குடித்தனம். அதற்கு மேல் காரணம் கேட்கவில்லை. இந்தத் தடவை பஸ் குரலில் சொல்லாமல், வீட்டுக் குரலில் சொன்னார்.

"நீரா வெலு. சாமு ஆயே."

உள்ளே நகர்வதற்கும் உள்ளே வருவதற்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல்தான் என்று மருமகள் அன்று காலைதான் சொல்லியிருந்தாள். உள்ளே வாங்க. இடம் இருக்கு.

சம்பந்தியம்மா இம்முறை பின்னால் நகரவில்லை. முன்னால் வந்தாள். வந்து வந்து, கடைசியில் பழையபடி மூக்கும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன. அந்தக் கண் நிறைந்திருந்தது.

"நெ மெலிங்கா" என்றாள் சலவைக்கடையம்மா. கப்பல் கா. ஒரு பிசிறு இல்லை.

அழைப்பு முடிந்தது. சலவைக்கடையம்மா எழுந்து போய்ப் பலகை முன்னால் நின்றாள். 'சம்பந்தியம்மாவுடன் நேரடியாகச் சண்டை போட வேண்டும்' என்று மகளின் கையெழுத்தில் இருந்தது.

"அழிச்சிடவாம்மா?" என்றாள் கணக்குப்பிள்ளை.

"ஏன் அழிக்கணும்? சண்டை போடாத சம்பந்தி எந்த ஊர்ல இருக்கா?" என்று பேனாவை வாங்கினாள். அந்த வரியின் முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. நுணுக்கி நுணுக்கி எழுதினாள்.

'ஒரே வீட்டில் இருந்துகொண்டு.'